வெள்ளிக்கிழமை, நுழைவு இலவம்

சுவரொட்டியில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது.
மூன்று மொழியில் அடித்ததில்
தமிழில் மட்டும் ‘நுழைவு இலவம்’.
கறுப்பு மார்க்கரால் ஒரு ‘ச’ செருகினேன்.
இடம் போதாமல் அது
‘வ’வின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது,
பத்துமலைக் கூட்டத்தில் அப்பன் தோள்மேல் பிள்ளை மாதிரி.

பகலில் கையுறைத் தொழிற்சாலை.
வெள்ளி சனி மாலைகளில் இங்கே.
ரப்பர் ஆலையாய் இருந்து, பூட்டிக் கிடந்து,
இப்போது ஓவியங்கள் தொங்கும் கட்டடத்தில்
‘தொடாதீங்க’ சொல்லும் ஆள் நான்.
தமிழில் சொல்வேன்,
‘ஜாங்ஙான் பெகாங்’ என்பேன்,
சீனப் பிள்ளைகளுக்கு விரலை ஆட்டினால் போதும்.

ஏழு மணிக்கு இசை.
சைக்கிள் கடை யாப்பின் அக்கார்டியனும்
லோரி ஓட்டும் குணாளனின் தபேலாவும்
குறுகிய தெருவில் இரண்டு வண்டி போல
முதலில் வழிமறித்து
பிறகு ஒன்று பின்வாங்கி
எது வாங்கியது என்று தெரியவில்லை,
நன்றாக இருந்தது.

குடும்பங்களுக்கு ஒரு மூலை, ஒரு மேசை, களிமண்.
புஷ்பலீலாவின் இளையவள் யானை செய்தாள்.
தும்பிக்கை விழவிழ ஒட்டிப் பார்த்தாள்.
கடைசியில் ஆமை என்று அறிவித்துவிட்டாள்.

எட்டரைக்குப் படம்.
புகைக்கூடச் சுவரே திரை.
ஏதோ குளிர் தேசம், கடல், ஒரு வீடு.
அடியில் ஓடிய மலாய் வரிகளை
முன்வரிசைத் தலைகள் தின்றுவிட்டன.

அப்போது பிடித்தது மழை.
தகரக் கூரைமேல் ஆயிரம் பேர்
ஒரே நேரத்தில் அரிசி புடைத்தார்கள்.
திரையில் ஒருத்தி வாயைத் திறந்தாள்,
மழை வந்தது.
அவன் பதில் சொன்னான்,
அதுவும் மழை.
பொறுப்பாளர் ரொஹாய்டா ஒலியைக் கூட்டிப் பார்த்தார்.
நிறுத்திவிடலாமா என்று என்னைப் பார்த்தார்.
என்னை ஏன் பார்த்தார்?

பின்வரிசையிலிருந்து குணாளன் கத்தினான்,
அந்தக் கணவனுக்காக:
‘எங்கடி போன இவ்வளோ நேரம்?’
சிரிப்பு. அவள் சன்னல் பக்கம் திரும்பினாள்.
யாரும் அவளுக்குக் குரல் கொடுக்கவில்லை.
காலையிலிருந்து நின்ற கால் என்னுடையது.
‘ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வரேன்.
சோறு வச்சியா?’
கூடம் அதிர்ந்தது.
யாப் அக்கார்டியனில் ஓர் இழுப்பு இழுத்தார்.
நாசி லெமாக் விற்கும் ஹஸ்னிஸா மாமியார் ஆனாள்,
மாமியார் திரையிலேயே இல்லை.
இரட்டையர் இருவரும் நாய்க்குக் குரைத்தார்கள்,
ஒரே நாய், இரண்டு குரல்.

பிறகு படகில் ஒரு கிழவன்,
கரையைப் பார்த்தபடி.
மழைக்கு ஒதுங்கி வந்த செம்பனைத் தோட்டத்து வங்காளிப் பையன்,
கையில் சொட்டும் பிளாஸ்டிக் பை,
சுவரோரம் நின்றவன்,
பேச ஆரம்பித்தான்.
நீளமாய். சத்தமில்லாமல்.
‘மா’ என்று இரண்டு தரம் கேட்டது.
மற்றது மழை.
யாரும் சிரிக்கவில்லை.
கிழவன் படகைத் திருப்பியதும்
அவனும் நிறுத்திக்கொண்டான்.

மழை விட்டபோது படத்துக்குச் சொந்தக் குரல் திரும்பியது.
அவள் குரல் மெலிசு.
நாங்கள் கொடுத்ததில் பாதிகூட இல்லை.
கொஞ்சம் ஏமாற்றம் எல்லோருக்கும்.
தலைகள் விலகி, மலாய் வரியும் தெரிந்தது:
அவள் வீட்டைவிட்டுப் போகிறாளாம்.
சன்னல் பக்கம் திரும்பியதே அதற்குத்தான்.
நான் சோறு கேட்டிருந்தேன்.

நாற்காலிகளை அடுக்கினேன்.
மேசையில் ஆமை காயாமல் கிடந்தது.
வாசலில் சுவரொட்டி நனைந்து
என் ‘ச’ மட்டும் வழிந்திருந்தது,
அச்சடித்தவை அப்படியே இருந்தன.

மோட்டாரை உதைத்துக் கிளம்பினேன்.
கதவடியில் நின்று அவள் கடைசியாய்ச் சொன்ன வாக்கியத்தை,
அர்த்தத்தை விட்டுவிட்டு
ஒலியை மட்டும்
ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
மூன்று தரம் சரியாக வந்தது.
பாலத்துக்கு முன்னாலேயே
மறந்துபோனது.